வெறும் ஜாடியில் ஏறிய முள்

"ஆளைப் புடிச்சுக் குடுங்க, பொட்டி ரயில் ஏறும். இல்லேன்னா இந்த கேட்டைத் தாண்டாது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டு மக்பூல் அகமது ஷெட்டின் சாவியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய உடம்பு, மருதாணி ஏறிய தாடி. ஆம்பூரில் அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில் அவர் குரலுக்கு மேல் குரல் கிடையாது. பேச்சு முடிந்தது என்று அவர் சொன்னால் மின்விசிறிகூட நின்றுவிடும் என்பார்கள். அன்றைக்கு நிஜமாகவே நின்றுதான் இருந்தது. மே மாத வெயிலில் கரண்ட் போயிருந்தது.

துப்பறியும் செங்கல்வராயன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குடியாத்தத்து நெசவாளர் குடும்பம்; குச்சி போன்ற உடம்பு, கூர்மையான மூக்கு. அவருடைய உதவியாளன் ஜான் பாஷாவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஜன்னலுக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடி ஜன்னலுக்குப் போனான். சாயங்கால வண்டி ஆம்பூர் ஸ்டேஷனுக்குள் இப்போதே நுழைந்துவிட்ட மாதிரி அவன் கால்கள் பரபரத்தன.

"கவலைப்படாதீங்க சாகிப்," என்றான். "எங்க சார் தூங்கறாருன்னா வேலை செய்யறாருன்னு அர்த்தம். முழிச்சிட்டிருந்தாத்தான் பயப்படணும்."

"பாஷா, டீ சொல்லு," என்றார் செங்கல்வராயன், கண்ணைத் திறக்காமல். "மக்பூல் பாய், நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க."

மக்பூல் அகமது சொன்னார். அவருடைய ஒரே மகன் குர்ஷித் பௌதிகம் படித்தவன். ஷாப்பின் மூலையில் இருந்த பழைய ஷெட் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு கருவி செய்துகொண்டிருந்தான். கேரளக் கடற்கரையிலிருந்து விடப்போகும் ராக்கெட்டின் தலையில் அது உட்காரப் போகிறது. மேலே வானத்தில் மின்சாரம் ஏறிய துகள்கள் எத்தனை என்று அது பார்த்துச் சொல்லுமாம். பாதி வேலையில் குர்ஷிதுக்கு மஞ்சள் காமாலை வந்தது. போய்விட்டான். மீதியை அவன் மனைவி அக்தர் பானு முடித்தாள். அவளும் பௌதிகப் பட்டதாரி. மக்பூல் அகமதுவின் தங்கை மகள். கணவன் இறந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடிந்த மறுநாளே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போய்விட்டாள். கூட வேலை செய்தவன் குர்ஷிதின் சிநேகிதன் நயீம் அகமது.

"போன வாரம் எல்லாம் சரியா இருந்துச்சு. இன்னிக்குக் காலையில கடைசியா ஒரு டெஸ்ட்டு. கெட்டுப்போச்சு. ஒண்ணுமே இல்லாத ஜாடிக்குள்ள வெச்சா, ஏதோ இருக்குன்னு காட்டுது. அந்தப் பொட்டிக்குள்ள கை வெச்சவங்க ரெண்டே பேர். ஒண்ணு என் மருமக. அவ செய்வாளா?"

"அதனால நயீம்."

"அவன்தான். கருவி கெட்டா, அவனே ஒண்ணு செஞ்சு அவன் பேரைப் போட்டுப்பான். பட்டைக் கிடங்குல பூட்டி வெச்சிருக்கேன். நீங்க சொன்னா போலீஸ்."

இந்த வண்டியை விட்டால் கருவி நாள் தவறிப் போய்ச் சேரும். ராக்கெட்டின் தலையில் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அதே எடைக்கு மணல் மூட்டையை வைத்துவிடுவார்கள். இதை மக்பூல் அகமது சொல்லவில்லை. வாசல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அக்தர் பானு சொன்னாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. விரல் நுனிகளில் ஈயம் பற்றவைத்த தழும்புகள்.

"மாமூ, நயீம் செய்யல. யாருமே செய்யலன்னுகூட இருக்கலாம். டெஸ்ட்டு முழுசா முடியல. அதுக்குள்ள நீங்க ஷெட்டைப் பூட்டிட்டீங்க."

"முடிய இன்னும் இன்னா இருக்கு?"

செங்கல்வராயன் கண்ணைத் திறந்தார். "அதைத்தான் நானும் கேக்கறேன். சாவியைக் குடுங்க பாய்."

ஷெட்டுக்குப் போகும் வழியெங்கும் தோல் காய்ந்துகொண்டிருந்தது. தொட்டிகளில் ஆவாரம்பட்டைச் சாறு, ஒரு பக்கம் சுண்ணாம்பு, இன்னொரு பக்கம் பதனிட்ட சரக்கு அடுக்கிய கிடங்கு. செங்கல்வராயன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஜான் பாஷா ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவன். அவன் பாட்டுக்குக் கை வீசி நடந்தான்.

"இன்னா சார், மூச்சு முட்டுதா?"

"உனக்கு முட்டலையா?"

"எனக்கு வேலூர் போனாத்தான் சார் முட்டும். அங்க காத்துல ஒண்ணுமே இல்ல."

ஷெட்டுக்குள் மேஜை மேல் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி கவிழ்த்து வைத்திருந்தது. அதற்குள் பித்தளையில் ஒரு கருவி. ஜான் பாஷா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இதுக்கா இத்தனை பேஜாரு? காபி டம்ளர் மாதிரி இருக்கு."

"டம்ளர்தான்," என்றாள் அக்தர் பானு. முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் இளகியது. "மேலே, ரொம்ப உயரத்துல, வெயில் காத்தையே உடைச்சிடுது. உடைஞ்ச துண்டு ஒவ்வொண்ணுலயும் மின்சாரம் ஏறியிருக்கும். அதுங்க இந்த டம்ளர் வாய்க்குள்ள வந்து விழும். அடியில ஒரு தகடு இருக்கு. அதுல விழ விழ கரண்ட் ஓடும். ரொம்பக் கம்மி. அதைப் பெரிசாக்கி இந்த முள்ளு காட்டும்."

"வாயில ரெண்டு வலை கட்டியிருக்கே?"

"வேலி. முதல் வலையில எதிர் மின்சாரம். எலக்ட்ரானை எல்லாம் திருப்பி அனுப்பிடும். ரெண்டாவது வலையில நேர் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போவோம். வேகம் கம்மியா வர்ற துண்டு, அயனின்னு அதுக்குப் பேரு, வேலி தாண்ட முடியாம திரும்பிடும். வேகம் ஜாஸ்தியா வர்றது மட்டும் தாண்டி உள்ள விழும். வேலியை எவ்ளோ உசத்தினா முள்ளு எவ்ளோ இறங்குதுன்னு பார்த்தா, எத்தனை துகள், எவ்ளோ சூடுன்னு ரெண்டுமே தெரிஞ்சிடும்."

"டூரிங் டாக்கீஸ் கேட்டு மாதிரி," என்றான் ஜான் பாஷா. "டிக்கெட் விலையை ஏத்த ஏத்த கூட்டம் குறையும். கடைசியில எவன் உள்ள இருக்கானோ அவன்தான் நிஜ ரசிகன்."

செங்கல்வராயன் அவனைப் பார்த்தார். "பாஷா, உன் வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கே." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த ஜாடியில காத்தே இல்லியே. பம்ப் வெச்சு எடுத்துட்டீங்க. உள்ள என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுதான் டெஸ்ட்டு. அதோ அந்தச் சின்னக் கம்பி தெரியுதா? அதைப் பழுக்கக் காய வெப்போம். சூரியனுக்குப் பதிலா அது. ஜாடியில மிச்சம் மீதி காத்து இருந்தா அதை உடைச்சிடும். போன வாரம் அப்படி வெச்சப்போ முள்ளு அசையல. இன்னிக்குக் கம்பியைப் போட்டதும் விறுவிறுன்னு ஏறிடுச்சு. கருவிக்குள்ளயே எங்கேயோ கரண்ட் கசியுதுன்னு நெனச்சோம்."

"கசியறதா, நிஜமாவே துகள் விழறதா, எப்படித் தெரியும்?"

காலையிலிருந்து யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் அக்தர் பானு. "வேலியை உசத்திப் பார்க்கணும். கசிவுக்கு வேலி எது, வாசல் எது? அது உள்ளயே பொறந்தது. முள்ளு இறங்காது. வெளியேருந்து வர்றதா இருந்தா இறங்கும். அதைச் செய்யப் போறப்பதான் மாமூ நயீமை இழுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க."

"இப்ப செய்யுங்க."

அதற்குள் கரண்ட் வந்திருந்தது. பம்ப் கடகடவென்று சத்தம் போட்டது. கம்பி சிவந்தது. முள் எழுந்தது, காலையில் எழுந்த மாதிரியே. வாசலில் நின்றிருந்த மக்பூல் அகமது, "பார்த்தீங்களா!" என்றார். அக்தர் பானு ஒரு குமிழை மெல்லத் திருகினாள்.

முள் இறங்கியது.

இன்னும் திருகினாள். இன்னும் இறங்கியது. கடைசியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவள் குமிழைத் திரும்பவும் குறைத்தாள். முள் மறுபடி எழுந்தது. சொன்னபடி கேட்டது.

"கெடலை," என்றாள். "இது சரியாத்தான் எண்ணுது. ஜாடியில நிஜமாவே ஏதோ இருக்கு!"

"அப்ப இத்தனை நேரமும் நாம சந்தேகப்பட வேண்டியது டம்ளரை இல்ல, வெறும் ஜாடியை," என்றார் செங்கல்வராயன்.

மக்பூல் அகமது மசியவில்லை. "சரி. ஏதோ இருக்கு. அதைப் போட்டவன் யாரு? அதுவும் அவன்தானே? ஆள் தெரியாம பொட்டி போகாது. போற வழியில மறுபடி போட்டான்னா?"

ஜான் பாஷாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கருவி நல்ல கருவி என்று தெரிந்தும், இந்த மனுஷர் கேட்டைத் திறக்க மாட்டேன் என்கிறாரே! அவன் மேஜைக்கும் வாசலுக்கும் நடுவே அலைந்தான்.

செங்கல்வராயன் ஜாடியைத் தூக்கச் சொன்னார். காற்று உஸ்ஸென்று உள்ளே போக, ஜாடி மேலெழுந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார். அடுக்கடுக்காகத் தும்மினார்.

"பாஷா, இங்க வா. மோந்து பாரு. என்ன வாசனை?"

ஜான் பாஷா டம்ளருக்குள் மூக்கை விட்டான். "ஒண்ணுமில்லையே சார்."

"நல்லாப் பாரு."

"ஒரு வாசனையும் இல்ல சார். ஆம்பூர் வாசனைதான்."

"அம்மா, நீங்க?"

அக்தர் பானு குனிந்து பார்த்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலையே."

"பாய்?"

மக்பூல் அகமது முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பலே," என்றார் செங்கல்வராயன். "மூணு ஆம்பூர் மூக்கு. மூணுக்கும் ஒண்ணும் தெரியல." யாரிடமும் விளக்காமல் விடுவிடுவென்று வெளியே நடந்தார். ஜான் பாஷா பின்னாலேயே ஓடினான். நேரே பதனிட்ட சரக்குக் கிடங்கு. அங்கே ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த கட்டுகளைத் தாண்டி, மூலையில் கழித்துப் போட்டிருந்த பழைய தோல் குவியலைக் காலால் புரட்டினார். எதையோ பொறுக்கி, நெருப்புப் பெட்டியைக் காலி செய்து உள்ளே போட்டு மூடினார்.

"சார், வண்டி வந்துரும். நீங்க பாட்டுக்குக் குப்பை பொறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

"உன் டாக்கீஸ்ல இப்ப டிக்கெட் விலையை ஏத்தப் போறேன். எவன் அப்பவும் உள்ள வர்றான்னு பாரு. நயீமைக் கூட்டிக்கிட்டு வா."

நயீம் அகமது வந்தான். சட்டையெல்லாம் பட்டைத் தூள். அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்தர் பானு அவனிடம், "பாய், கருவி சரியா இருக்கு," என்றதும் மட்டும் நிமிர்ந்து, "நிஜமாவா பாபி?" என்று அவளை அண்ணி முறை வைத்துக் கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

மேஜைக்கு அடியில் கருவியின் பயணப் பெட்டி இருந்தது. தேக்குப் பலகை, பித்தளைக் கொண்டி, உள்ளே சிவப்புக் கம்பளி விரித்து ஆணி அடித்திருந்தது. செங்கல்வராயன் அதை எடுத்து நடுவில் வைத்தார்.

"போன வாரம் டெஸ்ட்டு முடிஞ்சப்புறம் கருவி எங்க இருந்துச்சு?"

"இந்தப் பொட்டிக்குள்ளதான்," என்றான் நயீம். "இன்னிக்குக் காலையிலதான் வெளிய எடுத்தோம்."

"அப்ப விஷயம் வெளங்கிடுச்சு. யாரும் சதி பண்ணல." செங்கல்வராயன் நெருப்புப் பெட்டியைத் திறந்தார். அதில் மயிர் மயிராக ஒரு புழு நெளிந்தது. "தோல் பூச்சி. இந்தக் கம்பளியில இருந்துச்சு. பொட்டி பூராவும் அரிச்சு வெச்சிருக்கு. கருவிக்குள்ளயும் பூந்திருக்கு. மட்டமான பேக்கிங். இதுல வெச்சா கருவி கேரளா போய்ச் சேராது."

ஜான் பாஷா வாயைத் திறந்தான். செங்கல்வராயன் அவன் காலை மிதித்தார்.

நயீம் பதறிக்கொண்டு கம்பளியைப் புரட்டிப் பார்த்தான். அக்தர் பானு கருவியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். இருவர் முகத்திலும் கவலைதான்.

மக்பூல் அகமதுவின் தாடி மட்டும் நடுங்கியது.

"மட்டமான பேக்கிங்கா?" என்றார். "யார் பேக்கிங் மட்டம்? எங்க அப்பா காலத்துலேருந்து கப்பல்ல சரக்கு அனுப்பறேன். ஒரு கட்டுல ஒரு தோல்ல ஒரு ஓட்டைன்னு எவனும் கடுதாசி போட்டதில்ல. என் பொட்டியில பூச்சியா? பொய்! பூச்சி வரவே முடியாது! அந்தக் கம்பளிக்கு அடியில கை நிறையப் பாச்சை உருண்டை நசுக்கிப் போட்டு, நானே என் கையால ஆணி அடிச்சேன்!"

நயீம் கம்பளியிலிருந்து கையை எடுத்தான்.

"பாச்சை உருண்டை," என்றாள் அக்தர் பானு, மெதுவாக. பிறகு வேகமாக: "மாமூ, அது சும்மாவே காத்தோட கரையும். பொட்டிக்குள்ள இத்தனை நாளா கரைஞ்சு இதும்மேல எல்லாம் படிஞ்சிருக்கு. ஜாடியில காத்தை எடுத்ததும் ஆவியாக் கிளம்பியிருக்கு. காய்ஞ்ச கம்பி அதைத்தான் உடைச்சிருக்கு. அந்தத் துண்டைத்தான் இது எண்ணியிருக்கு."

"கருவியில கைவெச்சது ரெண்டே பேருன்னு சொன்னீங்க பாய்," என்றார் செங்கல்வராயன். "மூணாவது ஆளை நீங்க எண்ணவே இல்ல. அவரு சரக்கை பத்திரமா அனுப்பறவரு. கடலைப் பார்த்துப் போற எதுவா இருந்தாலும் உருண்டை போடறது அவருக்கு மூச்சு விடற மாதிரி. இந்த ஊரு முழுக்க அந்த வாசனைதான். அதனாலதான் ஒரு மூக்குக்கும் தெரியல. வெளியூர்க்காரன் எனக்குத் தும்மல் வந்துச்சு."

"அப்ப அந்தப் புழு?" என்றான் நயீம்.

"உங்க கிடங்குக் குப்பை. நேரா கேட்டிருந்தா பாய் ஞாபகம் வந்து சொல்லியிருக்க மாட்டாரு. பேக்கிங்கைத் திட்டினேன், வேலி தாண்டி வந்துட்டாரு."

மக்பூல் அகமது நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அந்தச் சின்ன நாற்காலிக்குள் அடங்கியது என்று ஜான் பாஷாவுக்குத் தெரியவில்லை. அவர் நயீமைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் அது.

"அப்புறம் பார்த்துக்கலாம் சாகிப்," என்றான் நயீம். "ஸ்பிரிட் எங்க பாபி?"

அதற்குப் பிறகு ஷெட்டில் யாருக்கும் நிற்க நேரமில்லை. கருவியைப் பிரித்து ஸ்பிரிட்டில் கழுவினார்கள். விளக்கின் சூட்டில் காய வைத்தார்கள். ஜான் பாஷா பெட்டியின் கம்பளியைப் பிய்த்து வெளியே எறிந்து, சுத்தமான பஞ்சு அடைத்தான். மறுபடி ஜாடி, மறுபடி பம்ப். கம்பி சிவந்தது. எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள்.

முள் கொஞ்சம் துடித்தது. அப்புறம் படுத்துக்கொண்டது. எழவே இல்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் அக்தர் பானு. இத்தனை சந்தோஷமாக இந்த வார்த்தையை யாரும் சொல்லி ஜான் பாஷா கேட்டதில்லை.

பெட்டி மூடியாகிவிட்டது. ஜட்கா வந்து நின்றது. அப்போதுதான் மக்பூல் அகமது கேட்டார்:

"திரும்பி எப்ப வரும்?"

நயீம் தரையைப் பார்த்தான். அக்தர் பானு கொண்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"ராக்கெட் மேல போய்ட்டு கடல்ல விழுந்துடும் மாமூ."

"அது தெரியும். பொட்டி? இந்த டம்ளர்?"

"அதுவும்தான்."

"எடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"குர்ஷிதுக்கு இது தெரியுமா?"

"அவருக்குத்தான் முதல்லயே தெரியும்."

மக்பூல் அகமது எழுந்து வந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். "திரும்பி வந்ததும் நடுவீட்டுல வெக்கலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் பூச்சி அரிக்காம…" முடிக்கவில்லை. பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவும் இல்லை. வாணியம்பாடி ரோட்டில் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ஜான் பாஷாவுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. எங்கே என்று தெரியவில்லை. இந்தக் கையை யார் எடுக்கச் சொல்வது? துப்பறிய இதில் ஒன்றும் இல்லை. செங்கல்வராயனே தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப எதுக்கு இது?" என்றார் மக்பூல் அகமது. "கடல்ல போடறதுக்கா எம்புள்ள ராத்திரி பகலா கண்ணு முழிச்சான்?"

"விழறதுக்கு முன்னாடி பேசிடும் மாமூ," என்றாள் அக்தர் பானு. "மேல என்ன பார்த்துச்சோ அது பூராவும் ரேடியோவில சொல்லிடும். கீழே காகிதத்துல கோடு கோடா இறங்கும். இதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாரும் பார்க்காத இடத்தை இது பார்த்துச் சொல்லும். அவரு செஞ்ச வாயால."

"எவ்ளோ நேரம் பேசும்?"

"கொஞ்ச நேரம்தான். சில நிமிஷம்."

மக்பூல் அகமது பெட்டியின் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார்.

"நயீம். அந்தப் பக்கம் புடிப்பா."

ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது. ஆம்பூரில் அது மூச்சு வாங்கும் நேரம்தான் நிற்கும். நயீம் ஒருவன் மட்டும் பெட்டியோடு போவதாக ஏற்பாடு. அக்தர் பானு வழியனுப்பத்தான் வந்திருந்தாள். சிநேகிதன் மனைவி அவனோடு தனியாக அத்தனை தூரம் போக முடியாது. இத்தனை நாளும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெட்டியை உள்ளே ஏற்றிவிட்டு நயீம் திரும்பினான். மக்பூல் அகமது இறங்கவில்லை. தோல் கறை படிந்த ஜிப்பாவோடு, கையில் ஒரு பைகூட இல்லாமல், பெட்டிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாகிப், வண்டி கிளம்பப் போவுது," என்றான் ஜான் பாஷா. "இறங்குங்க."

"டிக்கெட் வாங்கிட்டு வா. எனக்கும் ஒண்ணு."

"எது வரைக்கும் சாகிப்?"

"கடல் வரைக்கும்."

ஜான் பாஷாவின் நாக்கு நுனியில் ஒரு கேலி இருந்தது. அதை விழுங்கிவிட்டு கவுண்டரைப் பார்த்து ஓடினான். கார்டு விசில் ஊதினார். பிளாட்பாரத்தில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்தர் பானுவைப் பார்த்து ஜன்னலிலிருந்து மக்பூல் அகமதுவின் குரல் கத்தியது. ஓடிக்கொண்டிருந்த ஜான் பாஷாவுக்கும் அது கேட்டது.

"இன்னா பார்த்துக்கிட்டு நிக்கிற? ஏறு மகளே! அது பேசறது எனக்குப் புரியுமா?"